எருமைமுதுகில் நூறு மீட்டர்

பத்து மீட்டர் என்று என் உதவியாளன் சுகுமார் சொல்கிறான், நான் தலையாட்டுகிறேன், பச்சியப்பன் வாயருகே கையைக் குவித்துப் பத்து என்று கூவுகிறான், அந்தம்மா இரும்பு முளையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடக்கிறாள். அந்தம்மா என்றே வைத்துக்கொள்வோம், பெயர் தெரியாத மாதிரி. காலையிலிருந்து அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அந்தம்மாவை இன்னும் தள்ளிப் போகச் சொல்லு, அந்தம்மாவைக் கை எடுக்கச் சொல்லு என்று. மாதம்மா. பெயர் நன்றாகவே தெரியும். என் முதல் மேலதிகாரியின் பெயரை நேற்று ராத்திரி சாப்பிடும்போது யோசித்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை, ஆறு வருஷம் தினமும் வணக்கம் வைத்த மனுஷன், அவர் பெயர் போய்விட்டது, இரண்டே தடவை பார்த்த இந்தப் பொம்பளையின் பெயர் மட்டும் பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. மணி ஒன்பதரைதான். இந்தக் கரட்டின் அடிவாரத்தில் ஒன்பதரைக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எதிரே ஸ்டூலில் மீட்டர் பெட்டி, தலைக்கு மேல் சுகுமார் கல்லிடுக்கில் செருகி வைத்த குடை. இடது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கிறது. முழங்காலை நினை, தணிகாசலம். அது நல்ல விஷயம். முழங்கால் வலிக்காக யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. நான் நடுவில், எனக்கு இரண்டு பக்கமும் ஒரே நேர்கோட்டில் ஒயர் கட்டின இரண்டு முளை, வடக்கே எங்கள் ஜீப் டிரைவர், தெற்கே அவள். முளையை அடித்து இறக்கியதும் கை எடுத்து விலகி நிற்க வேண்டும், கை எடுத்தாச்சு என்று குரல் வந்தால்தான் நான் பொத்தானை அழுத்துவேன். அதில் நான் கறார். முப்பது வருஷத்தில் ஒருத்தருக்கும் ஷாக் அடிக்க விட்டதில்லை, ஆமாம், பெரிய தர்மவான். கரண்ட் ஒரு முளை வழியாகத் தரைக்குள் இறங்கி இன்னொரு முளைக்குப் போகும், அடியில் ஈரமிருந்தால் சுலபமாகப் போகும், காய்ந்த பாறையென்றால் முரண்டு பிடிக்கும், எவ்வளவு முரண்டு என்று மீட்டர் காட்டும், சுகுமார் எழுதுவான். முளைகளை விலக்கி விலக்கி அடிக்க அடிக்கக் கரண்ட் ஆழமாக இறங்கும், ஐந்து, பத்து, இருபது என்று நூறு மீட்டர் வரைக்கும். காய்ந்த மண்ணில் முளை வெறுமே நின்றால் கரண்ட் இறங்காது, அதன் காலடியில் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டும். ஆக, தண்ணீர் இல்லை என்று அழுகிற ஊரில் போய் முதலில் ஒரு குடம் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்கிற பிழைப்பு என்னுடையது. அவள் இடுப்பில் அந்தக் குடம் இருக்கிறது, பச்சை பிளாஸ்டிக் குடம். குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் சாய்த்து முளையின் காலில் விடுகிறாள், குழந்தைக்கு மருந்து ஊற்றுகிற அளவு. மீட்டர் முள் நிற்காமல் ஆடுகிறது. இன்னும் ஊத்தச் சொல்லுப்பா என்கிறேன். பச்சியப்பன் கூவுகிறான். அவள் நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். எதிர்வெயிலில் கண் தெரியவில்லை, பார்க்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. அப்புறம் இன்னும் ஒரு கை ஊற்றுகிறாள். கை எடுத்தாச்சு. அழுத்துகிறேன். சுகுமார் எழுதுகிறான்.

இந்தக் கரட்டை எனக்குப் பிடிக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை. தட்டக்கரடு என்று பெயர், உச்சி வெட்டி வைத்த மாதிரி தட்டை. சுற்று வட்டாரத்தில் சாம்பல் நிறப் பாறைதான், உருண்டை உருண்டையாக, வெயிலில் தோல் தோலாக உரிகிற பாறை. இந்தக் கரட்டின் தலையில் மட்டும் ஒரு கரும்பாறை மூடி. இருநூறு கோடி வருஷம் முன்னால் பூமி வயிற்றிலிருந்து நெருப்புக் குழம்பு ஏறி வந்து சாம்பல் பாறையின் வெடிப்பில் புகுந்து அப்படியே உறைந்துபோனது, ஒரு பகுதி மூடியாக மேலே, ஒரு பகுதி சுவராக மண்ணுக்குள்ளே. சுற்றியிருந்ததெல்லாம் மழையிலும் காற்றிலும் கரைந்துபோக, மூடியிருந்த இடம் மட்டும் நின்றது, அதுதான் கரடு. சுவரின் மேல் விளிம்பு மட்டும் மண்ணுக்கு வெளியே கறுப்பாக, முதுகெலும்பு தெரிய நீளமாகக் கிடக்கிறது, ஊர்க்காரர்கள் எருமைமுதுகு என்பார்கள். எங்கள் பாடப் புத்தகத்தில் டைக் என்று போட்டிருக்கும். எருமைமுதுகு நல்ல பெயர். மழை பெய்தால் உச்சியில் இருக்கிற பாறைக் குழிகள் நிரம்பும், பத்து நாள் ஆடுகள் குடிக்கும். ஓடையில் இரண்டு மணி நேரம் செந்தண்ணி ஓடும், அத்தோடு சரி. மிச்சம் வெடிப்பு வெடிப்பாக இறங்கிக் கரட்டின் வயிற்றுக்குள் வரும், வந்து இந்தக் கரும்பாறைச் சுவரில் முட்டும், தாண்ட முடியாது, மேலே ஏறும், ஏறி ஏறி எருமைமுதுகு தாழ்ந்திருக்கிற ஓர் இடத்தில் வழியும். அங்கேதான் சுனை இருந்தது. வண்டிச் சக்கரம் அகலம், முழங்கால் ஆழம், சித்திரையிலும் நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஊருக்கே அதனால்தான் சுனைக்கொட்டாய் என்று பெயர். இருந்தது என்று சொல்ல நான் யார். சரி, இருபது மீட்டர். சொல்லுப்பா.

காலையில் ஜீப் ஊருக்குள் வந்து தெருக்குழாய் பக்கத்தில்தான் நின்றது. தண்ணி வருகிற நேரம். போர் வற்றிக்கொண்டு வருகிறது, நாற்பது நிமிஷம்தான் ஓடுகிறது, அதற்குத்தான் வேறு இடம் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வீட்டுக் குடமும் வரிசையில். வரிசையை விட்டுத் தள்ளி, மின்கம்பத்தின் நிழலில், ஒரு குடம் தனியாக, அதன் பக்கத்தில் ஒரு பொம்பளை குத்துக்காலிட்டு. எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை, தலை நரைத்து, கன்னம் ஒட்டி. பச்சியப்பன்தான் டேங்க் ஆபரேட்டர், குழாயைத் திறக்கிறதும் மூடுகிறதும் அவன்தான். அந்தம்மா ஏன் தள்ளி உட்கார்ந்திருக்கிறாங்க என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவன் சிரித்துக்கொண்டே, அது கடைசிக் குடம் சார், அது அப்படித்தான் என்றான். எல்லாரும் பிடித்து முடித்த பிறகுதான் அது பிடிக்கணும், நான் டவுசர் போட்டிருந்த காலத்திலிருந்தே அப்படித்தான், சுனையைத் தீட்டுப்படுத்தி வத்த வச்சது அதுதானே. இப்போ நாற்பது நிமிஷத்தில் நின்றுபோகிறதே, கடைசிக் குடத்துக்கு எங்கே வரும் என்றேன். வராதுங்க சார், ஒண்ணரை மைல் நடந்து பக்கத்து ஊர் பம்புசெட்டில் பிடித்துக்கொண்டு வரும், இல்லாட்டி மருமகள் போகும், அது பிள்ளை பெற்று மூணு மாசம். இப்படி ஒன்றும் இல்லாத விஷயம் மாதிரி அவன் சொன்னான். மறந்திருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வருஷம், இரண்டு வருஷம், அப்புறம் கோவித்துக்கொண்டவர்கள் சேர்ந்துகொள்வார்கள், யார் வீட்டுக் கல்யாணத்திலாவது பேச்சு ஆரம்பித்துவிடும் என்று. வசதியாக நினைத்திருந்தேன். ஆள் வேண்டுமே என்று பச்சியப்பன் தேடினால் எல்லாரும் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள், மிச்சமிருந்தவர்கள் கிழடு கட்டைகள், குழாயடியில் தண்ணி கிடைக்காமல் உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான். ஆக, குழாயில் பிடித்த முதல் குடம் இன்றைக்கு மெஷினுக்கு. அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் கடைசிக் குடம்.

முப்பது. நாற்பது. முள் முரண்டு பிடிக்கிறது, அடியில் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம், சுகுமார் உதட்டைப் பிதுக்குகிறான். அந்த வருஷம் என்னைப் புகைத் தணிகாசலம் என்று ஆபீஸில் கூப்பிட்டார்கள். வரிசையாக மூன்று ஊரில் நான் குறித்துக் கொடுத்த இடத்தில் போர் போட்டார்கள், மூன்றிலும் வெறும் புழுதிப் புகை. முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை, நான் உள்ளே வந்தால் ஒருத்தர் இருமுவார், இன்னொருத்தர் ஜன்னலைத் திறப்பார், புகை போகட்டும் என்று. முப்பத்தைந்து வயசில் அது எப்படிச் சுட்டது. நாலாவது சுனைக்கொட்டாய். இதே மீட்டரோடு வந்தேன், இல்லை, இதன் அப்பன் ஒன்று இருந்தது, அதோடு. கிழக்கே ஓடை திரும்புகிற இடத்தில் ஒரு புள்ளி கிடைத்தது, தண்ணி வந்தாலும் வரும், வராமலும் போகும். எருமைமுதுகுக்கு மேல் பக்கம், சுவரை ஒட்டி, இன்னொரு புள்ளி. அங்கே சந்தேகமே இல்லை, சுவர் தேக்கி வைத்த தண்ணீர் முழுசும் அங்கே நிற்கிறது, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். குத்தி, மோட்டார் வைத்து இறைத்தால் தேங்கி நிற்கிற மட்டம் இறங்கும், விளிம்புக்குக் கீழே இறங்கினால் சுனையில் வழிய ஒன்றும் இருக்காது. இது எனக்குத் தெரியும். பரீட்சையில் படம் போட்டு எழுதி முழு மார்க் வாங்கினவன். தெரிந்துதான் குறித்தேன். போர் வண்டி வந்து நின்ற அன்றைக்குச் சுரைக்குடுக்கையும் கையுமாக ஒரு பொண்ணு வந்து நின்றாள், இதே மாதம்மாதான், அப்போது இருபத்தாறு இருக்கும், சுனையில் இரும்புப் பாத்திரம் விடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், குடுக்கையில்தான் மொள்ளுவார்கள். இங்க குத்தினா சுனைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே சார் என்று கேட்டாள். அந்த ஊரில் ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி, எங்கள் ஆபீஸில்கூட ஒருத்தரும் கேட்காத கேள்வி, அவள் கேட்டாள். ஒண்ணும் ஆகாதும்மா என்றேன். எவ்வளவு லேசாக வந்தது. இத்தனைக்கும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னேன். தண்ணி முப்பது அடி உயரம் பீய்ச்சி அடித்தது. ஆம்பளைகள் நனைந்துகொண்டு ஆடினார்கள். எனக்கு மாலை போட்டார்கள், சாமந்தி மாலை, அதைக் கழற்றாமல் ஜீப்பில் ஆபீஸ் வரைக்கும் வந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

நாற்பது நாளில் சுனை வற்றியது. பார்த்து எழுதச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள், வேறு யாரை அனுப்புவார்கள். பருவமழை பொய்த்ததால் என்று எழுதினேன். அந்த வருஷம் மழை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே பெய்திருந்தது. ஊரே நனைந்த மழை. என் காரணத்தை ஒருத்தரும் நம்பவில்லை, எப்படி நம்புவார்கள், பெய்த மழையை இல்லை என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதினால் ஆச்சா. கொஞ்சம் மூளையோடு பொய் சொல்லியிருக்கலாம், அதுகூடத் தெரியவில்லை. மழை காரணமில்லை என்றால் வேறென்ன என்று தேடினார்கள். சுனைக்கு ஒரு முறை உண்டு, அமாவாசைக்கு அமாவாசை ஒரு வீடு இறங்கிச் சேறு வழித்துச் சுத்தம் பண்ண வேண்டும், வீட்டுக்கு வீடு மாறிக்கொண்டே வரும். அந்த அமாவாசை மாதம்மா வீட்டு முறை. அவள் வழித்தாள், பதினஞ்சு நாளில் சுனை நின்றது. தீட்டோடு இறங்கியிருக்கிறாள் என்று முதலில் யார் சொன்னார்களோ. இல்லவே இல்லை என்று அவள் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணினாளாம். புளியமரத்தடியில் ஊர் கூடியிருந்தபோதுதான், மறுபடி பார்த்து வரச் சொல்லி அனுப்பினதில், நான் போய் இறங்கினேன், காலை நேரம், இதே மாதிரி வெயில். ஊர்க்கவுண்டர் மாரண்ணன் எனக்கு நாற்காலி போடச் சொன்னார், இளநீர் வெட்டச் சொன்னார். அப்புறம் கேட்டார், நீங்க படிச்சவங்க, நீங்க சொல்லுங்க சார், தீட்டுப் பட்டா ஊத்து வத்துமா. கூட்டம் முழுசும் என் வாயைப் பார்த்தது. அவளும் பார்த்தாள், கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள், அவள் முகத்தில் ஒரு தெம்பு வந்ததைப் பார்த்தேன், அப்பாடா, இவர் வந்துவிட்டார், இவருக்குத் தெரியும், இவர் சொல்லிவிடுவார் என்று. நான் சொன்னேன், அதெல்லாம் உங்க நம்பிக்கை, அதுல நான் ஒண்ணும் சொல்ல முடியாது. மரியாதையாகச் சொன்னேன். ஊர் வழக்கத்தை மதிக்கிற அதிகாரி என்று பெயர்கூட வாங்கினேன். இளநீரைக் குடித்துவிட்டு, வழுக்கை இருக்கா பாருப்பா என்று கேட்டு வாங்கி, அவள் நிற்கும்போதே, சுரண்டிச் சுரண்டித் தின்றேன். நல்ல வழுக்கை. இனிப்பாக இருந்தது. சீ.

ஐம்பது. முள் எங்கோ நிற்கிறது, எண்ணைச் சொல்கிறேன், சுகுமார் திரும்பக் கேட்கிறான், மறுபடி சொல்கிறேன். ஒரு தடவை என் மனைவி சுகந்தியிடம் இதைத் தமாஷ் மாதிரி சொன்னேன், கல்யாணமாகிப் பத்து வருஷம் இருக்கும், ஜனங்க எப்படி இருக்காங்க பாரு, தண்ணிக்கும் தீட்டுக்கும் முடிச்சுப் போடறாங்க என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டே, நீங்க என்ன சொன்னீங்க என்றாள். நான் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தேன். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை, கீரை ஆய்கிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். இன்றைக்குக் காலையில் முளையை அவள் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாதம்மா, அன்னைக்கு நடந்தது என்று ஆரம்பித்து, அவள் காதில் மட்டும் விழுகிற மாதிரி, யாரும் பார்க்காத நேரமாக. நல்லா இருக்கீங்களா சார், இளைச்சுட்டீங்களே என்று அவள் கேட்டுவிட்டாள். உபசாரமா, குத்தலா, ஒன்றும் தெரியவில்லை. இருக்கேம்மா, சுகர் என்றேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவளிடம் நான் சொன்ன வார்த்தை சுகர். அவள் காதில் மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், அதை யோசித்தாயா. அவள் தீட்டோடு இறங்கவில்லை என்பது அவளுக்கே தெரியாதா. அவளிடம் சொன்னால் எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரும், அவளுக்கு நாளைக்கும் கடைசிக் குடம்தான். அப்போ ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊருக்குச் சொன்னால். இந்தா, பின்னால் வேலமரத்து நிழலில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மெஷின் வந்தால் வேடிக்கை பார்க்க வருவார்கள்தானே, மாரண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில், எண்பது வயசு, கைத்தடியில் தாடையை ஊன்றிக்கொண்டு. எங்க சுனையைக் கெடுத்தவன் நீதானா என்று கேட்டால். கல்லை எடுத்தால். யாராவது செல்போனில் பிடித்து மேலே அனுப்பினால், ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கும்போது விசாரணை, விளக்கம், பழைய கோப்பைத் தேடு. பயம் என்றால் இதுவா பயம். அவள் முகத்தில் அன்றைக்கு வந்த தெம்பு எப்படிப் போனது என்று பார்க்காமலிருக்க இளநீருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேனே, பயம் என்றால் அது. அறுபது. எண்பது. அவள் சின்னதாகப் போய்விட்டாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுத்தியலால் அடிக்கிறாள், கை இறங்கின பிறகுதான் சத்தம் வருகிறது.

நூறு. அந்தக் கோட்டில் நூறு எங்கே வரும் என்று எனக்குக் காலையிலேயே தெரியும், டேப்பை நானே பிடித்துத்தானே கோடு போட்டேன். எருமைமுதுகு தாழ்ந்திருக்கிற இடம். சுனை இருந்த இடம். இப்போது அது ஒரு காய்ந்த குழி, உள்ளே முள்ளும் பிளாஸ்டிக் கவரும் கிடக்கும். அவள் அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் குனிந்து பார்க்கிறாள், அப்புறம் முளையை ஊன்றுகிறாள். இது கடைசி ரீடிங். இத்தனை ரீடிங்கிலும் ஈரம் இல்லை, இந்தச் சுவர் தேக்கி வைத்ததையெல்லாம் நாங்கள் இறைத்துத் தீர்த்துவிட்டோம், இங்கே ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். கிளம்பினால் இந்தப் பக்கம் நான் இனி வரப் போவதில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிடுகிறது. மாரண்ணன் தொண்டையைச் செருமுகிறார். அன்றைக்குப் புளியமரத்தடியில் கேட்ட அதே செருமல்.

"ஏன் சார், ஒண்ணு கேக்கலாங்களா," என்கிறார். "அவ தொட்ட கம்பியில, தண்ணி இருந்தாலும் காட்டுங்களா?"

நிழலில் இரண்டு மூன்று பேர் சிரிக்கிறார்கள், கெட்ட சிரிப்பில்லை, வீட்டு மாட்டைப் பற்றிப் பேசிச் சிரிப்பது மாதிரி பழகின சிரிப்பு. என் வாய் அதுபாட்டுக்குத் திறக்கிறது. அதெல்லாம் உங்க, என்று ஆரம்பித்தே விட்டேன். ஆமாம், அதெல்லாம் உங்க வரைக்கும் வந்துவிட்டது, குரலில் அதே மரியாதை, அதே பதவிசு, நம்பிக்கை என்ற வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்தும் இதுதான் வருகிறதா உனக்கு. வெட்கமாக இருக்கிறது, உடம்பெல்லாம் கூசுகிறது, இந்த வாயை வைத்துக்கொண்டு இத்தனை நாள் சோறு தின்றிருக்கிறேன். மாரண்ணன் காத்திருக்கிறார், உங்க என்ன, என்று. நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். பச்சியப்பனைப் பார்க்கிறேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டு அவன் காலையிலிருந்து என் வாயிலிருந்து எது வந்தாலும் யோசிக்காமல் அந்தப் பக்கம் கூவிக்கொண்டிருக்கிறான், கை பாதி தூரம் வாய்க்குப் போய்விட்டது, சொல்லுங்க சார் என்கிற மாதிரி.

"பச்சியப்பா. மாதம்மாகிட்ட சொல்லு. சுனை வத்தினது அவளால இல்ல. போர் போட்டதால. இடம் குறிச்சது நான். வத்தும்னு தெரிஞ்சே குறிச்சேன்."

அவன் பழக்கத்தில் கூவ ஆரம்பிக்கிறான். சுனை வத்தினது அவளால இல்ல என்பது முழுத் தொண்டையில் போகிறது, கரட்டில் முட்டி இல்ல என்று திரும்பி வருகிறது. போர் போட்டதால என்னும்போது அவனுக்கே காதில் விழுந்துவிடுகிறது, குரல் உடைகிறது, கையை இறக்கிவிட்டு என்னைப் பார்க்கிறான். சுகுமார் பேனாவைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், எழுதவா வேண்டாமா என்று. பின்னால் யாரோ, சார் பெரிய மனசு, பாவம் பார்த்துப் பழியைத் தன்மேல போட்டுக்கறார் என்கிறார்கள். அட கடவுளே. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இருந்ததை அப்படி நம்பினார்கள், இன்றைக்குச் சொன்னதை நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது. முளையைக் கையில் வாங்கினதிலிருந்து கை எடுத்தாச்சு என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லாத குரல், காற்றைத் தாண்டித் தெளிவாக வருகிறது.

"கேக்கல."

பச்சியப்பன் மறுபடி கையைக் குவிக்கிறான். விடுப்பா என்கிறேன். எழுந்து நிற்கிறேன், முழங்கால் சடக்கென்கிறது, குடை சரிந்து மீட்டர் மேல் விழுகிறது, யாரும் எடுக்கவில்லை. நான் வாழ்க்கையில் கத்தினதே இல்லை, கத்துவதற்கு எப்போதும் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தான். சுனை வத்தினது உன்னால இல்ல மாதம்மா, போர் போட்டதால, குறிச்சது நான் என்று கத்துகிறேன். பாதியில் குரல் பிசிறிக் கீச்சென்று போகிறது. நிழலில் ஒருத்தர் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொள்கிறார். கரடு என் குரலை எடுத்துத் திருப்பி எனக்கே கொடுக்கிறது. அவள் அசையவில்லை.

"கேக்கல சார்."

அவளுக்குக் கேட்டிருக்கும். எண்பது, நூறு என்று கூவினதெல்லாம் கேட்டதே. முதல் தடவையே கேட்டிருக்கும், பச்சியப்பன் வாயால் பாதி வந்தபோதே கேட்டிருக்கும். மழை பெய்தது, நீ சுத்தமாகத்தான் இறங்கினே, நீ அன்னைக்கு என்னைக் கேட்டே, ஒண்ணும் ஆகாதுன்னு பொய் சொன்னேன், ஊர்க்கவுண்டர் கேட்டப்போ தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கத்துகிறேன், மூச்சு வாங்குகிறது, கண்ணில் வேர்வை இறங்கி எரிகிறது. பின்னால் நாற்காலி கிறீச்சென்கிறது. மாரண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்கிறார், என்னைப் பார்க்கவில்லை, எருமைமுதுகுப் பக்கம் பார்க்கிறார். ஊருக்குள்ளிருந்து ரெண்டு பொம்பளைகள் என்ன சத்தம் என்று மேட்டில் ஏறி வருகிறார்கள், ஒருத்தி கையில் கைக்குழந்தை. சுகுமார் மெதுவாக, ரீடிங் எடுத்துடலாமா சார் என்கிறான். நான் பார்க்கிறேன். முளை ஊன்றியாகிவிட்டது, அவள் குடத்தைச் சாய்த்துத் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள், சுத்தியல் கீழே கிடக்கிறது. ஒரு கையை மட்டும் முளையின் தலைமேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"கேக்கல."

கையை எடுக்காதவரைக்கும் நான் பொத்தானை அழுத்த முடியாது. அது அவளுக்குத் தெரியும், காலையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மேட்டில் ஏறி வந்த பொம்பளைகள் என்ன, என்ன சொல்றார் என்று கேட்கிறார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, இன்னும் சத்தமாக ஆரம்பிக்கிறேன்.